‘ஆடாசிட்டி’ என்று ஒருவரைப் பாராட்டலாமா?

வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. ஓய்வு பெறும் கிளை மேலாளருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரி: “யூ ஹேட் தி ஆடாசிட்டி டு கொஸ்டின் தி ஹெட் ஆபீஸ்.” தலைமை அலுவலகத்தையே கேள்வி கேட்கும் துணிச்சல் உங்களுக்கு இருந்தது என்று மனசாரப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, “இதை மாத்திடுங்க, திட்டுற மாதிரி இருக்கு” என்றாராம். அகராதியில் துணிச்சல், தைரியம் என்றுதானே போட்டிருக்கிறது, அது எப்படித் திட்டாகும் என்பது அவருடைய கேள்வி.

பக்கத்து மேசைக்காரர் சொன்னதுதான் சரி. அந்த இடத்தில் மனோதைரியத்தைக் குறிக்கும் ‘கரேஜ்’ என்று போட்டுவிட்டால் வாக்கியம் பழுதில்லாத பாராட்டாகிவிடும். இப்போது இருக்கிறபடி படித்தால், “ஹெட் ஆபீஸையே கேள்வி கேட்கிற அளவுக்கு உங்களுக்குக் கொழுப்பு” என்கிற தொனி வருகிறது. அகராதியும் பொய் சொல்லவில்லை. ஆடாசிட்டிக்குத் துணிச்சல் என்றும் பொருள் உண்டு, திமிர் என்றும் பொருள் உண்டு. எது எப்போது வரும் என்பதைச் சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது உட்கார்ந்திருக்கும் வாக்கிய அமைப்பும், யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

முதலில் கரேஜ் என்பதிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று பார்ப்போம். கரேஜுக்கு எதிரே நிற்பது ஆபத்து, வலி, பயம். புற்றுநோய் சிகிச்சையைத் தாங்குகிறவருக்கு கரேஜ் இருக்கிறது என்போம். அவருக்கு ஆடாசிட்டி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆடாசிட்டிக்கு எதிரே ஒரு கோடு இருக்க வேண்டும். வழக்கம், பதவி, சட்டம், மரியாதை, “உன் தகுதிக்கு இவ்வளவுதான்” என்று ஊர் வைத்திருக்கும் அளவு, இப்படி ஏதாவது ஒன்று. அந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறவரிடம் இருப்பதுதான் ஆடாசிட்டி. கோடு யாருடையதோ அவர் பார்வையில் அது திமிர். தள்ளி நின்று பார்க்கிறவருக்கு, சில சமயம், அது அசாத்தியத் துணிச்சல். என் கணிப்பில் இந்தச் சொல்லின் எல்லாப் பயன்பாட்டையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

வாக்கிய அமைப்புக்கு வருவோம். ‘ஹேவ் தி ஆடாசிட்டி டு’ என்று தொடங்கி ஒரு வினைச்சொல்லில் முடிகிற அமைப்பு ஏறக்குறைய எப்போதும் கண்டனம்தான். என் காரை இடித்துவிட்டு என்னிடமே பணம் கேட்கிறான், வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன் மறுபடியும் கடன் கேட்டு வந்து நிற்கிறான், கல்யாணத்துக்கு அழைக்காமலே வந்து பந்தியில் குறை சொல்கிறான் என்று வையுங்கள். ஆங்கிலம் பேசுபவர் இங்கெல்லாம் “ஹி ஹேட் தி ஆடாசிட்டி டு…” என்றுதான் ஆரம்பிப்பார். “என்ன தைரியம் இருந்தா என்கிட்டயே வந்து கேட்பான்” என்று நாம் சொல்வது அப்படியே இதுதான். அந்தத் தமிழ் வாக்கியத்தில் வருவதும் ‘தைரியம்’ என்கிற நல்ல சொல்தான். ஆனால் கேட்கிற யாரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இல்லையா? தமிழில் நமக்கு இயல்பாகக் காதில் விழுகிற இந்த வித்தியாசம் ஆங்கிலத்தில் விழாமல் போவதால்தான் மடலில் அந்த வரி வந்துவிடுகிறது.

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களிலும் இதே சிக்கலை நிறையப் பார்க்கிறேன். எந்தச் சவாலையும் சந்திக்கும் துணிவு எனக்கு உண்டு என்று சொல்ல நினைத்து ‘ஐ ஹேவ் தி ஆடாசிட்டி டு ஃபேஸ் எனி சேலஞ்ச்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும் அதிகாரிக்கு அது விநோதமாக ஒலிக்கும். சவாலைச் சந்திப்பதில் யாருடைய கோட்டையும் யாரும் மீறவில்லையே! அங்கே கரேஜ், கான்ஃபிடென்ஸ் என்று ஏதாவது போதும். முடிந்தால் அந்த வரியையே எடுத்துவிட்டு, உண்மையில் செய்த கடினமான வேலை ஒன்றை எழுதுவது இன்னும் நல்லது.

‘ஏறக்குறைய எப்போதும்’ என்று மேலே சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கண்டன அமைப்பையே கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிய ஒரு வாக்கியம் உண்டு. 1964 டிசம்பர் 10, நார்வேயின் ஆஸ்லோ நகரம். அமைதிக்கான நோபல் பரிசை ஏற்றுக்கொண்டு மார்ட்டின் லூதர் கிங் பேசுகிறார். எங்கும் உள்ள மக்கள் உடலுக்கு மூன்று வேளை உணவும், அறிவுக்குக் கல்வியும் பண்பாடும், ஆன்மாவுக்குக் கண்ணியமும் சமத்துவமும் சுதந்திரமும் பெற முடியும் என்று நம்பும் ஆடாசிட்டி எனக்கு இருக்கிறது என்கிறார். “ஐ ஹேவ் தி ஆடாசிட்டி டு பிலீவ்” என்பதுதான் அவர் வாயில் வந்த சொற்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போடக்கூடப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. வாக்குரிமைச் சட்டம் மறு வருடம், 1965-ல்தான் வந்தது. சமத்துவம் கேட்கும் கறுப்பினத்தவரைப் பார்த்து வெள்ளை மேலாதிக்கவாதிகள் நினைத்தது “இவர்களுக்கு என்ன திமிர்” என்றுதான். அந்தப் பழிச்சொல்லை கிங் தானே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். கரேஜ் என்று சொல்லியிருந்தால் அது தற்புகழ்ச்சியாகக்கூடப் போயிருக்கும். ஆடாசிட்டி என்றதால், எனக்கு இந்த உரிமை கிடையாது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் நம்புகிறேன் என்பதும் சேர்ந்து வந்துவிட்டது. மூன்று வேளை சாப்பாட்டை நம்புவதற்கே ஆடாசிட்டி தேவைப்படுகிறது என்றால் உலகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அந்த ஒரே சொல் காட்டிவிடுகிறது. நான் படித்தவற்றில் இந்தச் சொல் இதைவிடப் பொருத்தமாக உட்கார்ந்த இடம் வேறு இல்லை.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம் எளிது. தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது இதே அமைப்பு பெருமிதமாக மாற முடியும். அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது ரொம்ப அரிதாகத்தான் மாறும். வங்கி மேலாளரே தன் பிரிவு உரையில் “தலைமை அலுவலகத்தைக் கேள்வி கேட்கும் ஆடாசிட்டி எனக்கு இருந்தது” என்று சொல்லியிருந்தால் கூடம் முழுக்கக் கைதட்டியிருக்கும்.

பிற்காலத்தில் பராக் ஒபாமா இந்தச் சொல்லை அமெரிக்க அரசியலின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். 2004 ஜூலையில், பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பேசியபோது அவர் இல்லினாய் மாநில சட்டமன்றத்தின் செனட் அவையில் ஓர் உறுப்பினர் மட்டுமே. அந்தப் பேச்சில் வந்த ‘தி ஆடாசிட்டி ஆஃப் ஹோப்’ என்ற தொடரையே 2006-ல் தன் புத்தகத்துக்கும் தலைப்பாக வைத்தார். தொடரின் விதை சிகாகோ பாதிரியார் ஜெரமையா ரைட்டின் பிரசங்கம் ஒன்றிலிருந்து வந்தது. இங்கே அமைப்பு வேறு என்பதைக் கவனியுங்கள். ‘டு’ போட்டு வினைச்சொல் வரவில்லை. ‘ஆஃப்’ போட்டு ஒரு பெயர்ச்சொல் வருகிறது. நம்பிக்கை என்பதே ஒரு துணிகரமான காரியம் என்று பொருள். ‘ஆஃப்’க்குப் பின்னால் நல்ல குணமோ லட்சியமோ வந்தால் தொடர் பாராட்டாகும். ஆள் வந்தால், உதாரணமாக ‘தி ஆடாசிட்டி ஆஃப் தட் மேன்’ என்றால், மறுபடியும் “அந்த ஆளுக்கு இருக்கிற திமிரைப் பாரேன்” என்று ஆகிவிடும்.

இந்த இரட்டைக் குணம் சமீபத்தில் ஒட்டிக்கொண்டதல்ல, லத்தீனிலேயே இருந்தது. ‘துணிதல்’ என்று பொருள்படும் ‘ஔடேரே’ என்ற லத்தீன் வினைச்சொல்லில் இருந்து வந்த குடும்பம் இது. அந்த வினைச்சொல்லுக்கும் அடியில் இருப்பது ஆவல், வேட்கை என்ற பொருள். ஆங்கிலத்தில் தீவிர ஆர்வத்தைக் குறிக்கும் ‘ஏவிட்’ என்பது அதன் உறவுக்காரச் சொல்தான். ‘ஔடாக்ஸ்’ என்றால் துணிந்தவன், ‘ஔடாக்கியா’ என்றால் அவனுடைய குணம். கி.மு. 63-ல் ரோமாபுரி ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலினாவை நேருக்கு நேர் வைத்துக்கொண்டு ரோமானிய அரசியல்வாதி சிசரோ பேசிய முதல் உரையின் ஆரம்ப வரிகளிலேயே இந்த ஔடாக்கியா வருகிறது. “கடிவாளமில்லாத உன் துணிச்சல் எதுவரை ஆட்டம் போடும்?” என்கிற மாதிரியான கேள்வி. அங்கே அது சுத்தமான வசை.

அடுத்த சில பத்தாண்டுகளில் ரோமானியக் கவிஞர் வர்ஜில் எழுதிய காவியத்தில், துணிந்தவனுக்கே அதிர்ஷ்டம் கைகொடுக்கும் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. அதே ஔடேரே, இப்போது பாராட்டாக. ஆங்கிலத்தில் ‘ஃபார்ச்சூன் ஃபேவர்ஸ் தி போல்ட்’ என்று சுவரொட்டிகளிலும் டி-ஷர்ட்டுகளிலும் பார்க்கிறோமே, அந்த வரி. அதைச் சொல்கிறவன் கதாநாயகன் ஐனியாஸ் அல்ல, அவனுடைய எதிரி டர்னஸ். காவியத்தின் கடைசியில் ஐனியாஸ் கையாலேயே செத்தும் போகிறான். அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. இந்த வரியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பிரெஞ்சுப் புரட்சியில் இதே குடும்பத்துச் சொல் ஒரு நாட்டின் முழக்கமாகவே ஆனது. 1792 செப்டம்பர் 2. பிரஷ்யப் படை எல்லைக்குள் நுழைந்து வெர்டன் கோட்டையைச் சூழ்ந்துவிட்டது. பாரிஸ் நகரமே நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டமன்றத்தில் எழுந்த புரட்சித் தலைவர் டாண்டன், நமக்குத் தேவை துணிச்சல், இன்னும் துணிச்சல், எப்போதும் துணிச்சல், பிரான்ஸ் பிழைத்துக்கொள்ளும் என்றார். அன்றைக்கே பாரிஸ் சிறைகளில் கைதிகளைக் கும்பல் வெட்டிக் கொல்வதும் தொடங்கியது. டாண்டனின் தலை 1794 ஏப்ரலில் கில்லட்டினில் விழுந்தது. பாரிஸில் அவருக்கு வைத்த சிலையின் பீடத்தில் அந்த ‘ஔடாஸ்’ வரியைத்தான் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சரி, பெயர்ச்சொல் போதும். உரிச்சொல்லான ‘ஆடேஷஸ்’ கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பெயர்ச்சொல்லைவிட இதில் பாராட்டு அதிகம். விளையாட்டு வர்ணனையில் அடிக்கடி காதில் விழும். 2021 மார்ச், இங்கிலாந்துக்கு எதிரான அகமதாபாத் டெஸ்ட். இந்தியா ஒரு கட்டத்தில் 146 ரன்னுக்கு 6 விக்கெட். அதன்பிறகு ரிஷப் பந்த் அடித்தது 101. அதில் ஒரு அடியை மறக்கவே முடியாது. இரண்டாவது புதிய பந்து, வீசுபவர் டெஸ்டில் 600 விக்கெட்டைத் தாண்டிய ஜேம்ஸ் ஆண்டர்சன். பந்த் மட்டையைத் திருப்பிப் பிடித்து, ஸ்லிப் ஆட்களின் தலைக்கு மேலே பவுண்டரிக்குத் தூக்கி விட்டார். புதுப் பந்தில், அதுவும் ஆண்டர்சன் பந்தில், அந்த ஷாட்டை ஆடக்கூடாது என்பது கிரிக்கெட்டின் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மீறியதால்தான் அது ‘பிரேவ்’ ஆகாமல் ‘ஆடேஷஸ்’ ஆகிறது.

இதன் மறுபக்கம் 1987 உலகக் கோப்பை இறுதியாட்டம், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். 254 எடுத்தால் வெற்றி. இங்கிலாந்து 2 விக்கெட்டுக்கு 135 என்று சுகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்திரேலிய கேப்டன் ஆலன் பார்டர், முழுநேரப் பந்துவீச்சாளர்கூட இல்லை, தானே பந்தை எடுத்தார். முதல் பந்திலேயே இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங், மட்டையைத் திருப்பி எதிர்ப்பக்கம் அடிக்கும் ரிவர்ஸ் ஸ்வீப் ஆடினார். பந்து மட்டையின் மேல் விளிம்பில் பட்டு எகிறி விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. இங்கிலாந்து 7 ரன்னில் தோற்றது. அந்த ஷாட்டை இன்றுவரை ஆடேஷஸ் என்று யாரும் புகழ்வதில்லை. ‘ரெக்லெஸ்’, ‘ஃபூல்ஹார்டி’ என்ற வகைச் சொற்கள்தான் அதற்கு. தமிழில் அசட்டுத் துணிச்சல். இரண்டு பேரும் செய்தது ஏறக்குறைய ஒரே வேலை. முடிவு எப்படி அமைந்ததோ அதை வைத்தே மொழி பெயர் சூட்டியது. இது நியாயமா என்றால் இல்லைதான். ஆனால் சொல்லின் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது.

குற்றச் செய்திகளிலும் ஆடேஷஸ் வரும். 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் திறந்து பார்வையாளர்கள் உள்ளே இருக்கும்போதே, மாடிக்குச் சாமான் ஏற்றும் ஏணி பொருத்திய வண்டியைத் தெருவில் நிறுத்தி, மேல்தளத்து ஜன்னலை அறுத்து உள்ளே போய், அரச குடும்பத்து நகைகளை எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் ஸ்கூட்டரில் பறந்துவிட்டார்கள். மதிப்பு 8.8 கோடி யூரோ என்று சொன்னார்கள். இம்மாதிரித் திருட்டுக்கு ஆங்கிலச் செய்தியாளர்கள் எடுக்கும் சொற்கள் இரண்டு: ஆடேஷஸ், பிரேசன். பிரேசனில் வெட்கம் கெட்டத்தனம் மட்டுமே உண்டு. ஆடேஷஸில், செய்தது தப்புதான், ஆனாலும் என்ன நெஞ்சு என்கிற மூக்கில் விரல் வைக்கும் வியப்பும் கலந்திருக்கும். நம் நாளிதழ்களில் இதற்கு ரொம்ப நாளாகவே கச்சிதமான சொல் இருக்கிறது: “பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை”. துணிகரம் என்ற சொல்லைக் குற்றச் செய்திக்கு என்று முதலில் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது. ‘ஆடேஷஸ் ராபரி’ என்று மொழிபெயர்க்க வந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே போடுங்கள்.

மற்ற இடங்களில் தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்டினால் சரியாக வராது. பாராட்டு என்றால் துணிச்சல், நெஞ்சுரம். கண்டனம் என்றால் திமிர், நெஞ்சழுத்தம், பேச்சில் என்றால் கொழுப்பு, தெனாவட்டு. சின்னப் பையன் பெரியவரிடம் காட்டினால் துடுக்கு. ‘துணிவு’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் யோசித்துப் போடுவேன். துணிதல் என்றால் தமிழில் முடிவெடுத்தல் என்றும் பொருள். “எண்ணித் துணிக கருமம்” என்று வள்ளுவர் சொல்வது தீர யோசித்து எடுக்கும் முடிவை. ஆடாசிட்டியில் அந்த யோசனை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதனால் துணிவு என்பது கரேஜ், ரெசல்யூஷன் (மன உறுதி) பக்கம் சாய்கிறது. ஆடாசிட்டிக்கு நெருக்கமானது துணிச்சல்.

ஆங்கிலத்தில் இதன் பங்காளிகளையும் சொல்லிவிடுகிறேன். ‘டெமெரிட்டி’ என்றால் பின்விளைவை யோசிக்காத துணிச்சல். எழுத்து நடையில்தான் அதிகம். ‘எஃப்ரன்டரி’, ‘இம்ப்யூடன்ஸ்’ இரண்டிலும் வெட்கமின்மை தூக்கல், பாராட்டுக்கு இடமே கிடையாது. பேச்சுவழக்கில் ஆங்கிலேயர்கள் உடம்பைத் தொட்டுப் பேசுவார்கள்: ‘சீக்’ என்று கன்னம், ‘நெர்வ்’ என்று நரம்பு, ‘கால்’ என்று பித்தநீர். ‘சீக்’கில் செல்லம் கொஞ்சம் கலந்திருக்கும், ‘கால்’ வந்தால் சொல்பவர் நிஜமாகவே கொதித்துப்போயிருக்கிறார் என்று அர்த்தம். நாமும் கொழுப்பு, நெஞ்சழுத்தம், தலைக்கனம் என்று உடம்பில்தானே வைத்திருக்கிறோம். அப்புறம் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘ஹுட்ஸ்பா’. பெற்றோரைக் கொன்றுவிட்டு, நான் அநாதை, கருணை காட்டுங்கள் என்று நீதிபதியிடம் கெஞ்சியவன் கதையைச் சொல்லித்தான் யூதர்கள் அதை விளக்குவார்கள். ஆடாசிட்டி எங்கே முடிகிறதோ அங்கிருந்து ஹுட்ஸ்பா ஆரம்பிக்கிறது.

அலுவலகக் கூட்டங்களில் ‘பீ-ஹேக்’ என்று ஒன்று காதில் விழுந்திருக்கும். ‘பிக், ஹேரி, ஆடேஷஸ் கோல்’ என்பதன் சுருக்கம், மலைக்க வைக்கும் பெரிய இலக்கு என்று பொருள். நிறுவனங்களை ஆராய்ந்து புத்தகம் எழுதிய ஜிம் காலின்ஸ், ஜெர்ரி போராஸ் என்ற இருவர் 1994-ல் கொண்டுவந்தது. இதில் வருவது முழுக்கப் பாராட்டு. அவர்கள் காட்டும் உதாரணம் நிலவுப் பயணம். 1961 மே 25 அன்று, அந்தப் பத்தாண்டு (அறுபதுகள்) முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கென்னடி அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தத் தேதியில் அமெரிக்கா மனிதனை விண்ணுக்கு அனுப்பிய அனுபவம் மொத்தமே ஒரு தடவை, அதுவும் சுமார் 15 நிமிடம். அதற்குச் சரியாக இருபது நாள் முன்பு ஆலன் ஷெப்பர்ட் போய் வந்தது. அந்த 15 நிமிடத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘ஆம்பிஷஸ்’ (பெரிய லட்சியம் கொண்ட) என்ற சொல் அந்த அறிவிப்புக்கு ஏன் பற்றாது என்பது புரிந்துவிடும். மாதாந்திர விற்பனையைப் பத்து சதவீதம் கூட்டும் திட்டத்துக்கெல்லாம் ஆடேஷஸ் என்று பெயர் வைக்கிறார்கள். அங்கே ஆம்பிஷஸ் தாராளமாகப் போதும்.

உச்சரிப்பில் ஒரு விஷயம். இரண்டு சொல்லிலும் அழுத்தம் இரண்டாவது அசையில் விழ வேண்டும். பெயர்ச்சொல்லில் அந்த அசை, ‘பேங்க்’ என்கிறபோது வரும் ஒலி. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லாததால் ‘டா’ என்று எழுதுகிறோம். உரிச்சொல்லில் அது தெளிவான ‘டே’. இதே பெயரில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு, 2000-ல் வெளிவந்தது; அதற்கும் இதே உச்சரிப்புதான்.

இன்னும் ஒன்று, எழுதும்போது உதவும். பெரியவர் ஒருவரிடம், தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கலாமா என்று பணிவாக ஆரம்பிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் அதற்கென்றே நிலைத்த தொடர் ‘இஃப் ஐ மே பி சோ போல்ட்’. அங்கே போல்டை எடுத்துவிட்டு ஆடேஷஸ் போட்டுவிடாதீர்கள். இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. முன்பின் எதுவுமில்லாமல் ‘தி ஆடாசிட்டி!’ என்று மட்டும் யாராவது உங்களுக்குப் பதில் அனுப்பினால், அவர் உங்களைப் பாராட்டவில்லை. உங்களுக்கு நெருங்கிய நண்பராக இருந்தால் செல்லமாகத் திட்டுகிறார். மற்றபடி நிஜமாகவே கோபத்தில் இருக்கிறார்.